மண்ணெண்ணெய்க் காரின் ஆறு நட்டுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு, மானிப்பாயில் சுதனின் கராஜுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை ஆறு பித்தளை நட்டுகள். சீமெந்துத் தரையில் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, அதன்மேல் வரிசையாக வைத்திருந்தான். எங்கே பத்திரிகையைக் கண்டாலும் குனிந்து தலைப்பைப் படிப்பது எனக்குத் தொழிலால் வந்த வியாதி. அன்று தலைப்பை நட்டுகள் மறைத்திருந்தன. அதனால்தான் நட்டுகளைப் பார்த்தேன்.

சுதனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய இங்கிலாந்துக் கார்களைத் தேடி வாங்கித் திருத்தி, பெயின்ற் அடித்து, கலியாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறான். இப்போது அவனிடம் நிற்பது ஒரு ஏ போர்ட்டி. அதன் திறப்புச் சாவியை அவன் கையில் கொடுத்தவன் நான்தான். கார் என்னுடையதல்ல, கனகண்ணையுடையது. அவர் காலமாகிவிட்டார். கனடாவில் இருக்கும் மகள், 'அங்கிள், நீங்களே பாத்து நல்ல ஆளிட்டைக் குடுத்துவிடுங்கோ' என்று சொன்னதால் வந்த பொறுப்பு.

"ஐயா, உங்கடை கனகண்ணையின்ரை காருக்கு ஆர் வேலை செய்தது?" என்றான் சுதன். "நட்டெண்டா ஆறு பக்கம் இருக்கவேணும். உதுகளுக்கு ரெண்டு பக்கம்தான் கிடக்கு. நட்டே, மோதிரமே?"

உண்மைதான். உருண்டையான பித்தளைத் துண்டுகள். ஸ்பானர் பிடிப்பதற்காக எதிரெதிரே இரண்டு பக்கம் மட்டும் அரத்தால் தட்டையாக்கப்பட்டிருந்தன.

"கழட்டக் கஷ்டப்பட்டனியோ?" என்று கேட்டேன்.

"அதுதானே புதினம்! சூடாக்கித்தான் கழட்ட வேண்டிவரும் எண்டு காஸ் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு வந்து வைச்சிருந்தனான். ஸ்பானரைப் போட்டு அரைச் சுத்து. பிறகு விரலாலை வந்திட்டுது."

ஒரு நட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பெற்றோலில் கழுவிய நட்டில் மண்ணெண்ணெய் மணக்க நியாயமில்லை. எனக்கு மணத்தது.

அந்த மணத்தை இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கடினம். போரில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. புதிய ஜப்பான் கார்கள் அந்தச் சாப்பாட்டுக்கு முகத்தைச் சுளித்தன. ஐம்பதுகளில் வந்த இங்கிலாந்துக் கார்கள் எதைக் கொடுத்தாலும் விழுங்கின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். கனகண்ணை அதை ஒரு சேலைன் போத்தலில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுவதுபோலப் போத்தலை உயர்த்திப் பிடித்துக் குழாய் வழியாகச் சொட்டு விடுவார். எஞ்சின் இருமி, கனைத்து, எழும்பும். எழும்பியதும் போத்தலை மூடி இருக்கைக்குக் கீழே வைப்பார். காரில் போனவர்களின் உடுப்பில் அந்த மணம் இரண்டு நாளைக்கு இருக்கும். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாலும், பக்கத்தில் நிற்பவர் காரில் வந்தவரா சைக்கிளில் வந்தவரா என்று சொல்லிவிடலாம்.

நான் அப்போது யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றில் நிருபர். அச்சடிக்கத் தாள் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை வெளிவந்த காலம். மானிப்பாயில் கனகண்ணையின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். நடுவறையில் அவரும் மனைவி மணியக்காவும். மகள் உடுவிலில் பெரியம்மா வீட்டில் நின்று படித்தாள். கனகண்ணை வாடகைக் கார் ஓடினார். ஆஸ்பத்திரிக்கு, கலியாணத்துக்கு, செத்த வீட்டுக்கு. வேறு வருமானம் அந்த வீட்டில் இல்லை.

மண்ணெண்ணெய் நன்றாக எரிய வேண்டுமானால் எஞ்சினுக்குள் போகுமுன் அது சூடாக வேண்டும். அதற்காக எண்ணெய் வரும் செப்புக் குழாயை மனிபோல்ட்டைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். மனிபோல்ட் என்பது எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் கை. எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு ஸ்ரட்டுகளில், அதாவது தலையில்லாத போல்ட்டுகளில், அதைக் கொழுவி ஆறு நட்டால் இறுக்குவார்கள். கனகண்ணை குழாய் சுற்றுவதற்காக மனிபோல்ட்டைக் கழற்றி, நட்டுகளைப் பால்மாப் பேணி மூடியில் போட்டுவைத்த அன்றுதான் ஊர் கிளம்பி ஓட வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது கார் நின்றது. மனிபோல்ட் நின்றது. மூடியும் கிடந்தது. நட்டுகள் இல்லை. யாருக்கு எதற்குப் பயன்பட்டனவோ தெரியாது. அந்த நாட்களில் எதுவும் எதற்கும் பயன்பட்டது.

கைக்குக் கிடைத்தது ஒரு உடைந்த ஜப்பான் வானின் நட்டுகள். கண்ணால் பார்த்தால் அளவு ஒன்று. ஆனால் ஏ போர்ட்டி அங்குலக் கணக்கில், எங்கள் பேச்சில் இஞ்சிக் கணக்கில், பிறந்தது, வான் மில்லிமீற்றர் கணக்கில். நட்டுக்குள் வெட்டிய புரிகள் ஒத்துவராது. நட்டு இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். இறுகினால் சரிதான் என்று மனிதன் நினைத்துவிடுவான். கனகண்ணையும் நினைத்தார். இறுகியது நட்டுத்தான். மனிபோல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு நகத்தளவு இடைவெளி அப்படியே இருந்தது.

வேகமாக ஓடும்போது அது அவ்வளவாகத் தெரியாது. வேகத்தைக் குறைத்தால் அந்த இடைவெளியால் காற்று உள்ளே போகும். அங்கே எரியாமல் மிஞ்சிக் கிடக்கும் மண்ணெண்ணெய்ப் புகை பற்றும். பட். பட்பட். பட். துவக்கு வெடிக்கும் சத்தத்திலிருந்து அதைப் பிரித்தறிய நல்ல காது வேண்டும். நல்ல காது இருந்தவர்கள்கூட நின்று பிரித்தறிந்துகொண்டிருக்கவில்லை. பங்கருக்குள் இறங்கிவிட்டுத்தான் யோசித்தார்கள்.

என் பத்திரிகை வாழ்க்கையின் மிகக் குறுகிய விசாரணை அதைப் பற்றியதுதான். ஒரு நாள் பின்னேரம் இரண்டு பேர் தனித்தனியே சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்து, மானிப்பாய்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

"நீர் அங்கைதானே இருக்கிறீர்? போய் என்னண்டு பாத்துக்கொண்டு வாரும்."

கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, பாதி வழி பயத்திலும் பாதி வழி முக்கியத்துவத்திலும் மிதித்துப் போனேன். வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் ஒரு முதியவரை மறித்து எந்தத் திசையில் கேட்டது என்று விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மடை வீட்டுக்காரன் வந்த திசையிலைதான்" என்றார்.

செய்தி பிரசுரமாகவில்லை.

ஊருக்கு இது சிரிப்பாக இருந்தது. மணியக்காவுக்கு இருக்கவில்லை. இடம்பெயர்வதற்கு முந்திய மாதம், அவர் வீட்டில் தனியே இருந்தபோது பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, எந்த வெடிச்சத்தம் கேட்டாலும் நடுவறைக்குள் ஓடி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். அந்தத் தாழ்ப்பாள் பழைய வீட்டுக்குரிய பித்தளைத் தாழ்ப்பாள். என் பெருவிரல் தடிப்பு. அது குழிக்குள் விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வரும் என்று கனகண்ணை சொல்வார்.

கார் எங்கே வேகம் குறையும்? வீட்டு வாசல் படலைக்கு வரும்போது. கனகண்ணை வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அந்தத் தாழ்ப்பாள் விழுந்தது.

"மணி, நான்தான். காரடி அது. எங்கடை கார்."

கனகண்ணை கதவில் தட்டுவார்.

"இஞ்சேர், திறவன். தம்பியும் நிக்கிறார்."

ஒரு மணித்தியாலம் கழித்துக் கதவு திறக்கும். மணியக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோலத் தேத்தண்ணி ஊற்றுவார். "கார் எண்டு எனக்குத் தெரியும் தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை. அது ஓடுது."

அவர் மெலிந்துகொண்டு வந்தார். காரை விட்டால் சாப்பாடு இல்லை. காரை வைத்திருந்தால் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. கனகண்ணை என்ன செய்தார் என்றால், சந்தியிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, அங்கிருந்து படலை வரைக்கும் காரைத் தள்ளத் தொடங்கினார். நல்லாக ஓடுகிற கார். ஒரு கூப்பிடு தூரம். இடது கை சுக்கானில், வலது தோள் கதவில். நான் வீட்டில் நின்றால் பின்னால் தள்ளுவேன். மணியக்காவிடம் "எண்ணெய் மிச்சம் பிடிக்கிறன்" என்று சொல்லிவைத்திருந்தார். அவர் நம்பினார். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் அது நம்பக்கூடிய பொய்.

சைக்கிளில் போகிறவர்கள் விடுவார்களா?

"கனகண்ணை, நீங்கள் காரிலை வாறியளோ, கார் உங்களிலை வருதோ?"

"தம்பி ரிப்போட்டர், உதையும் பேப்பரிலை போடும். படத்தோடை போடும்."

கனகண்ணை மூச்சு வாங்கச் சிரிப்பார்.

குருநகரைச் சேர்ந்த யோசப் அண்ணை வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவர். கடலுக்குப் போக விடாத காலத்தில் மானிப்பாயில் ஒரு கொட்டில் போட்டுக் கார் வேலை செய்தார். அவருக்கும் கனகண்ணைக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தையை அருகிலிருந்து கேட்டவன் நான். பெரிய பெரிய பேச்சுவார்த்தைகளைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக ஒன்று நடந்ததைக் கண்டதில்லை.

"யப்பான்ரை நட்டை உதிலை போட்டவனைக் கட்டி வைச்சு அடிக்கவேணும்" என்றார் யோசப் அண்ணை.

"நான்தான் போட்டனான்."

"தெரிஞ்சுதான் சொல்லுறன்."

லொறி ஒன்றிலிருந்து கழற்றிய, இஞ்சிப் புரி உள்ள உருக்கு நட்டுகள் அவரிடம் இருந்தன. கனகண்ணைக்கு மனமில்லை. முதலில் இருந்தவை பித்தளை, பித்தளைதான் வேண்டும் என்றார். காரணமும் இருந்தது. மனிபோல்ட் நெருப்பாகக் கொதித்துக் கொதித்து ஆறும். உருக்கு ஸ்ரட்டில் உருக்கு நட்டைப் போட்டால் இரண்டும் துருவேறி ஒன்றாகிவிடும். பிறகு கழற்றப் பலம் கொடுத்தால் நட்டு அசையாது, ஸ்ரட் எஞ்சினின் மட்டத்தோடு முறியும். பித்தளை அப்படி ஒட்டாது.

"பித்தளைக்கு நான் எங்கை போறது?" என்றார் யோசப் அண்ணை. "கடலும் பூட்டு, கப்பலும் இல்லை. இப்ப இதைப் போடுவம். சத்தம் நிக்கட்டும். பிறகு வாறதைப் பிறகு பாப்பம்."

மணியக்காவின் முகம் நினைவில் வந்திருக்க வேண்டும். கனகண்ணை தலையாட்டினார். உருக்கு நட்டுகள் போட்டார்கள். மூன்று கிழமை கார் பூனைபோல வந்தது. நாலாம் கிழமை 'பட்' என்றது. சூட்டில் வாஷர்கள் இளகியிருந்தன. இறுக்குவதற்கு யோசப் அண்ணை ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். திரும்பியது. நட்டல்ல, ஸ்ரட். முறிந்து, எஞ்சினோடு மட்டமாக நின்றது. மின்சாரம் இல்லாத ஊரில், கைத்துறப்பணத்தால் முறிந்த துண்டைத் துளைத்து எடுத்து, வேறு ஸ்ரட் பூட்ட இரண்டு நாள் சென்றது. வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு யோசப் அண்ணை சொன்னார்:

"கனகர், நீர் சொன்னதுதான் சரி. இனி ஒண்டு முறிஞ்சால் எஞ்சின்ரை தலை போச்சு. தலை போனால் கார் கோழிக்கூடுதான். பித்தளை கொண்டுவாரும், நான் கடைஞ்சு தாறன். அதுமட்டும் நான் இதிலை கை வையன்."

பிறகு கனகண்ணை வீட்டிலும் வெளியிலும் சொல்லிவைத்துப் பித்தளை தேடி அலைந்தார். கிடைத்ததெல்லாம் தகடும் குழாயும். நட்டு வெட்டத் திடமான கம்பி வேண்டும். மறுபடியும் கார் சந்தியிலிருந்து தள்ளப்பட்டது.

ஒரு பின்னேரம் நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டு வர, மணியக்கா படலையடியில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்றார். எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் அவரைக் கவனிக்கவில்லை.

"என்ன கனகண்ணை, அக்கா இன்னும் பயப்பிடுறாவோ? பாவம் மனுசன், பெண்சாதிக்காகக் காரையே சுமக்கிறீர்!"

கனகண்ணை காரைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. நான் நிமிரவில்லை. கார் படலைக்குள் போய் நின்றது. முருங்கைக்காய்க்காரி எங்களையும் மணியக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எண்ணெய் மிச்சம் பிடிக்கிறியள்" என்றார் மணியக்கா.

"ஓமப்பா. மிச்சம்தானே."

"எவ்வளவு நாளாய்?"

கனகண்ணை கார்க் கதவைச் சாத்தினார். சேட்டின் வலது தோள் தேய்ந்து நைந்திருந்தது. மணியக்கா அதைத்தான் பார்த்தார். அந்தச் சேட்டுக்கு அவர் இரண்டு தடவை ஒட்டுப் போட்டிருந்தார். ஏன் அந்த ஒரு இடம் மட்டும் கிழிகிறது என்று என்னிடம்கூடக் கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் காலை முன்னறையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது நடுவறையில் மரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மணியக்கா கதவின் முன்னால் நிலத்தில் இருந்து, கத்திமுனையால் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசி ஆணியும் வந்தது. தாழ்ப்பாளிலிருந்து பித்தளைக் கம்பியை உருவி, முந்தானையால் துடைத்து, கனகண்ணையிடம் நீட்டினார்.

"இது காணுமோ எண்டு யோசப் அண்ணையைக் கேளுங்கோ."

"உனக்கென்ன விசரே? இது இல்லாமல் நீ..."

"கதவுக்குக் கதிரை வைக்கிறன்."

"மணி—"

"சத்தம் வராட்டி எனக்கேன் அது? கொண்டு போங்கோ. போகேக்கை ஸ்ராட் பண்ணிக்கொண்டே போங்கோ. நான் பின்வளவிலை நிக்கிறன்."

யோசப் அண்ணை கம்பியைக் கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். "வள்ளத்துக்குப் போடுற சாமான்போலை இருக்கு" என்றார். எங்கிருந்து வந்தது என்று கனகண்ணை சொன்னதும், கம்பியை மேசையில் வைத்துவிட்டு, வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினார்.

அவரது கடைசல் இயந்திரம் சைக்கிளால் ஓடுவது. பின்சில்லிலிருந்து இயந்திரத்துக்கு ஒரு பட்டி. நானும் கனகண்ணையும் மாறி மாறி மிதித்தோம். ஒரே இடத்தில் நின்றபடி அவ்வளவு தூரம் சைக்கிள் ஓடியது என் வாழ்வில் அன்றுதான். "ரிப்போட்டர், மெல்ல! சாவகச்சேரி கடந்திட்டீர்" என்றார் யோசப் அண்ணை. கம்பி ஆறு துண்டாகியது. நடுவில் துளைத்து, வள்ள வேலைக்காகப் பத்திரமாக வைத்திருந்த கருவியால் புரி வெட்டினார். ஆறு பக்கமும் அராவுவதற்குத் தடிப்புப் போதாது.

"ரெண்டு பக்கம் காணும். ஸ்பானருக்கும் ரெண்டு சொண்டுதானே."

வாஷர் விஷயத்தில் இம்முறை ஏமாறவில்லை. வளையும் வாஷர்களைத் தள்ளிவிட்டு, தடித்த தட்டை வாஷர் போட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டு, பிறகு ஒருமுறை இறுக்கினார். அந்த ஆறும் நேரம் முழுக்க நாங்கள் மூவரும் பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்தோம்.

பின்னேரம் சந்தியில் கனகண்ணையின் கால் தன்னியல்பாகத் தயங்கியது. பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தேன். நிறுத்தவில்லை. ஒழுங்கைக்குள் திருப்பினார். படலையில் வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது.

நடுவறைக் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் காரிலேயே இருந்தோம். உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"தேத்தண்ணி குடிச்சிட்டியளோ, ஊத்தட்டோ?" என்றார் மணியக்கா.

குடித்ததைச் சொல்லாமல் இருவரும் மறுபடி குடித்தோம்.

இதையெல்லாம் சுதனிடம் கொஞ்சம் சுருக்கித்தான் சொன்னேன். அவன் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்த பளபளக்கும் ஸ்ரெயின்லெஸ் நட்டுகளைப் பார்த்தான். "கலியாணக் கார் ஐயா. மாப்பிள்ளைமார் இப்ப பொனற்றைத் திறந்துவைச்சு எஞ்சினோடையும் செல்பி எடுக்கினம்" என்றான். பிறகு பித்தளை நட்டொன்றை எடுத்துப் பழைய ஸ்ரட்டில் வைத்து விரலால் சுழற்றினான். கடைசிவரை போனது.

"உதையே போடுறன். ஆறுக்கும் பொலிஷ் அடிக்கலாம்தானே?"

"தாராளமாய் அடி."

யோசப் அண்ணையின் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி விற்கிறார்கள். சைக்கிள் பூட்டிய கடைசல் இயந்திரம் என்ன ஆனதென்று அவருடைய ஆட்களுக்கும் தெரியவில்லை. சந்தியிலிருந்து வரும் ஒழுங்கைக்குக் காப்பெற் தார் போட்டுவிட்டார்கள். கார் தள்ளுவதற்கு இப்போது மிக வசதி. சேலைன் போத்தல் மட்டும் இருக்கைக்குக் கீழே கிடந்தது. சுதன் அதைத் தெரியாமல் குப்பையில் போட்டிருந்தான். கோயிலில் இப்போது யாரிலும் மண்ணெண்ணெய் மணப்பதில்லை.

மணியக்கா கனடாவில் மகளோடு இருக்கிறார். காரின் திறப்பை எடுக்கப் போனபோது பூட்டிக் கிடந்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கனகண்ணை அந்த வீட்டுக்குப் பிற்காலத்தில் புது யன்னல்கள் போட்டார், சீமெந்துத் தரையைப் பெயர்த்து மாபிள் பதித்தார், எல்லாக் கதவுகளுக்கும் பெயின்ற் அடித்தார். நடுவறைக் கதவின் உட்பக்கத்தில் நான்கு ஆணித் துளைகள் இருக்கின்றன. அதில் வேறு தாழ்ப்பாள் போடப்படவில்லை.